லேண்ட்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

லேண்ட் என்பது நிலம், தரை, நாடு ஆகிய பொருள்களில் வழங்கும் ஆங்கிலச் சொல் ஆகும். பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதே நான்கு எழுத்துகளோடு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இது புழக்கத்தில் இருந்து வருகிறது. வடிவம் மாறாவிட்டாலும் பொருள் பலமுறை மாறியுள்ளது. தொடக்கத்தில் ஒரு மக்கள் கூட்டம் வாழும் இடத்தைக் குறித்த இச்சொல், பின்னர் விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தைக் குறிக்கலாயிற்று.

இச்சொல்லுக்கு முன்னால் சேரும் அடைமொழிகள் குறிப்பிடத்தக்கவை. ஃபோக்லேண்ட், புக்லேண்ட், காமன் லேண்ட், வேஸ்ட் லேண்ட், வெட்லேண்ட் எனப் பல அடைமொழிகள் வெவ்வேறு காலங்களில் இதனுடன் சேர்ந்துள்ளன. ஓர் இடத்தில் யார் மாடு மேய்க்கலாம், யார் வெளியேற வேண்டும் என்பதைப் பல வேளைகளில் இந்த அடைமொழிகளே முடிவு செய்தன. இங்கிலாந்தில் தொடங்கிய அவ்வழக்கம் ஆஸ்திரேலியாவுக்கும் சென்னை மாகாணத்துக்கும் பரவியது.

சொற்பிறப்பு

இச்சொல் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் மொழிகளிலும் இதே வடிவம் உள்ளது. ஜெர்மன் மொழியில் இது நாட்டையும் குறிக்கும், கூட்டாட்சியின் மாநிலத்தையும் குறிக்கும். இன்றைய ஜெர்மனியின் 16 மாநிலங்களும் இச்சொல்லாலேயே அழைக்கப்படுகின்றன.

கெல்டிக் மொழிகளிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றின் தொடக்கத்தில் வரும் லான் என்னும் சொல் முதலில் அடைக்கப்பட்ட இடத்தையும், பின்னர் தேவாலயம் இருக்கும் இடத்தையும் குறித்தது. பிரெஞ்சு மொழியில் புதர் மண்டிய வெளியைக் குறிக்கும் லாண்ட் என்னும் சொல்லும் கெல்டிக் வழியில் வந்ததே. அதன் பழைய வடிவத்திலிருந்துதான் புல்வெளியைக் குறிக்கும் லான் என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது.

நாட்டுப் பெயர்களில்

ஐந்தாம் நூற்றாண்டு முதல் பிரித்தானியத் தீவில் குடியேறிய ஜெர்மானியக் குழுக்களில் ஆங்கிள்கள் என்போரும் ஒருவர். ஆங்கிள்களின் நிலம் என்னும் பொருள்கொண்ட எங்கிலாலேண்ட் என்ற பெயரே சுருங்கி இங்கிலாந்து ஆயிற்று. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பின்லாந்து, போலந்து ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களும் இவ்வகையின. நெதர்லாந்து என்பதற்குத் தாழ்ந்த நிலங்கள் என்று பொருள். 1939இல் சயாம் தன் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிக்கொண்டது. இந்தியாவில் 1963இல் உருவான நாகாலாந்து மாநிலத்தின் பெயரிலும் இச்சொல் உள்ளது.

இப்பெயர்களில் வரும் லேண்ட் என்பதைத் தமிழில் நிலம் என்று பெயர்ப்பதைவிட நாடு என்று பெயர்ப்பதே பொருந்தும். தமிழ்நாடு என்னும் பெயரும் இதே அமைப்புடையது. இப்பெயர்களில் மக்கள் முதலிலும் மண் பின்னாலும் நிற்கின்றன. ஆங்கிலச் சொல்லின் மிகப் பழைய பொருளை இவை இன்றும் காத்து நிற்கின்றன.

எர்த், கிரவுண்ட், சாயில் ஆகியவற்றோடு வேறுபாடு

ஆங்கிலத்தில் நிலத்தைக் குறிக்கப் பல சொற்கள் இருப்பதால் மாணவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது உண்டு. எர்த் என்பது மண்ணையும் நாம் வாழும் கோளையும் குறிக்கும். கிரவுண்ட் என்பது காலடியில் உள்ள தரை. ஒரு வாதத்துக்கு அடிப்படையாகும் காரணத்தையும் அது குறிக்கும். சாயில் என்பது பயிர் வேர் விடும் மண். லேண்ட் என்பது எல்லையும் உரிமையும் உடைய பரப்பு. ஆகவேதான் உழவர் சாயிலைப் பரிசோதிக்கிறார், ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் லேண்டைப் பதிகிறார்.

கடலுக்கு எதிரானது என்ற பொருளும் லேண்டுக்கு உண்டு. கப்பல் கரை சேர்வதையும் விமானம் தரையிறங்குவதையும் இச்சொல்லையே வினையாக்கிச் சொல்வர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விக்ரம் கலத்தை லேண்டர் என்று அழைத்ததும் இவ்வழியிலேயே. இயற்கைக் காட்சியைக் குறிக்கும் லேண்ட்ஸ்கேப் என்னும் சொல், ஓவியர்களின் வழியாக டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

சென்னையில் கிரவுண்டு என்பது மனை அளவாகவும் வழங்குகிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால், ஏக்கருக்கு ஏறத்தாழ 18 கிரவுண்டுகள் ஆகும்.

ஏர் வகுத்த அளவுகள்

இடைக்கால இங்கிலாந்தின் பல ஊர்களில் வயல்கள் வேலியின்றித் திறந்து கிடந்தன. ஊரின் பெரிய வயல்கள் நீண்ட கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல இடங்களில் சிதறிய கீற்றுகள் இருந்தன. ஏர் ஓட்டி மேடாக்கிய அத்தகைய ஒரு கீற்றும் லேண்ட் எனப்பட்டது. ஏர் திரும்பும் வயல் ஓரம் ஹெட்லேண்ட் ஆயிற்று. கடலுக்குள் நீண்ட நிலமுனைக்கும் அதே பெயர் உண்டு.

ஏக்கர் என்னும் அளவும் ஏரிலிருந்து வந்தது. ஓர் ஏர்மாட்டுக் கூட்டம் ஒரு நாளில் உழக்கூடிய பரப்பே ஏக்கர் எனப்பட்டது. அதன் நீளம் 220 கெஜம். அதுவே ஒரு பர்லாங்கு. உழவுசாலின் நீளம் என்பதே பர்லாங்கு என்னும் சொல்லின் பொருள். ஏக்கரின் அகலம் 22 கெஜம். இதையே 17ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் தம் அளவைச் சங்கிலியின் நீளமாகக் கொண்டார். கிரிக்கெட் ஆடுகளத்தில் இரண்டு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட தொலைவும் இதே 22 கெஜம்தான்.

அறுவடை முடிந்ததும் வயலில் எஞ்சிய தாளை ஊர் மாடுகள் அனைத்தும் மேயலாம். வயலுக்கு அப்பால் உழப்படாத வெளியும் இருந்தது. அங்கே ஆடு மாடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், எரிபொருளாகும் கரிமண் வெட்டவும் ஊராருக்கு வழக்க உரிமை இருந்தது. இவ்வெளி காமன் லேண்ட், அதாவது பொதுவெளி எனப்பட்டது. பண்ணைக் கணக்கில் இதற்கு வேஸ்ட் என்ற பெயரும் உண்டு. அந்நாளில் அச்சொல் உழப்படாத நிலம் என்பதையே குறித்தது. பயனற்றது என்ற பொருள் அதன்மேல் பின்னரே அழுத்தமாக ஏறியது.

வழக்க நிலமும் பட்டய நிலமும்

நார்மானியர் வருகைக்கு முன்பே நிலம் இரு வகையாகப் பேசப்பட்டது. வழக்கத்தின்படி அனுபவிக்கப்பட்ட நிலம் ஃபோக்லேண்ட். எழுதப்பட்ட பட்டயத்தின் மூலம் வழங்கப்பட்ட நிலம் புக்லேண்ட். பட்டயம் எழுதும் வழக்கம் ஏழாம் நூற்றாண்டில் கிறித்தவத் திருச்சபையோடு வந்தது. முதலில் பெரும்பாலும் திருச்சபைகளுக்கே அவ்வாறு நிலம் வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் பக்லண்ட் என்று பெயர் கொண்ட பல ஊர்கள் புக்லேண்ட் என்னும் சொல்லின் எச்சங்கள்.

நினைவில் உள்ள உரிமைக்கும் எழுத்தில் உள்ள உரிமைக்கும் இடையிலான பிளவு இங்கேயே தொடங்குகிறது. பிற்கால வழக்குகளில் பெரும்பாலும் எழுத்தே வென்றது.

1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய முதலாம் வில்லியம், 1085 கிறிஸ்துமஸ் காலத்தில் நாடு முழுவதையும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1086இல் நடைபெற்ற அக்கணக்கெடுப்பின் பதிவே டூம்ஸ்டே நூல். 13,000க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. முந்தைய மன்னர் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் உள்ளது, எத்தனை ஏர்கள், எவ்வளவு காடு, எவ்வளவு புல்வெளி, மதிப்பு என்ன என்று அதிகாரிகள் கேட்டனர். ஓர் எருதும் ஒரு பன்றியும்கூட விடுபடவில்லை என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு ஒன்று வருந்துகிறது.

நிலம் அனைத்தும் இறுதியில் மன்னருடையது, மற்றவர்கள் அவரிடமிருந்து பெற்று அனுபவிப்பவர்களே என்னும் சட்டக் கோட்பாடும் நார்மானியர் ஆட்சியில் நிலைபெற்றது. 1290இல் நிறைவேறிய குவியா எம்ப்டோரஸ் என்னும் சட்டம், நிலத்தை அனுபவிக்கும் தனி மனிதர்கள் அதைப் பிறருக்கு விற்க வழிசெய்தது. நிலம் கைமாறும் பொருளாக மாறியதில் இது முக்கியமான படி.

நிலம் அரசியல் உரிமையையும் தீர்மானித்தது. 1430 முதல் 1832 வரை இங்கிலாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்க, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் சொந்த நிலம் தேவைப்பட்டது.

வேலியடைப்பு

ஆட்டு மயிர் வாணிகம் செழித்தபோது, நிலவுடைமையாளர்கள் பொதுவெளிகளையும் வயல்களையும் வேலியிட்டு ஆட்டுப் பட்டிகளாக்கினர். 1516இல் தாமஸ் மோர் தம் உட்டோப்பியா நூலில், சாதுவான ஆடுகள் மனிதர்களையே தின்னத் தொடங்கிவிட்டன என்ற கருத்தில் இதைக் கண்டித்தார். 1549இல் நார்ஃபோக் பகுதியில் வேலிகளைப் பிடுங்கிய மக்களுக்கு ராபர்ட் கெட் தலைமை ஏற்றார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, அவர் அவ்வாண்டு டிசம்பரில் நாரிச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். 1649இல் ஜெரார்டு வின்ஸ்டன்லியும் தோழர்களும் சர்ரே பகுதியின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொதுவெளியைக் கொத்திப் பயிரிட்டனர். நிலம் அனைவருக்கும் பொதுவான கருவூலம் என்பது அவர்கள் கொள்கை. சில மாதங்களில் அவர்கள் விரட்டப்பட்டனர். இன்று அதே குன்று, காவல் வாயில் கொண்ட செல்வந்தர் குடியிருப்பாக உள்ளது.

18ஆம் நூற்றாண்டில் வேலியடைப்பு நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் விரைவுபட்டது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் அடைபட்ட பரப்பு 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எழுத்துச் சான்று உள்ளவர்களுக்கு மாற்று நிலம் கிடைத்தது. வழக்கத்தின்படி ஒரு பசுவை மேய்த்து வந்த கூலிக் குடும்பத்திடம் பல இடங்களில் காட்டுவதற்குச் சான்று எதுவும் இல்லை. சிறு பங்கு பெற்றவர்களிலும் பலர், வேலி போடும் செலவைத் தாங்க முடியாமல் அதை விற்றனர்.

வேலியடைப்பால் விளைச்சல் பெருகியது என்போர் உண்டு. எந்த அளவுக்கு என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. வேலியடைப்பைத் தீவிரமாக ஆதரித்து எழுதிய வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங், ஏழைகள் அடைந்த இழப்பை நேரில் கண்டபின், தரிசு நிலங்களை ஏழைகளின் வாழ்வுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று 1801இல் எழுதினார். கவிஞர் ஜான் கிளேர் பிறந்த ஹெல்ப்ஸ்டன் ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் 1809இல் வந்தது. சிறு வயதில் சுற்றித் திரிந்த வெளிகள் மூடப்பட்ட துயரம் அவருடைய கவிதைகளின் முக்கியப் பொருள்களில் ஒன்று.

வசைச்சொற்களான நிலத்து மனிதர்கள்

நிலம் உள்ளவரைக் குறித்த சொற்கள் உயர்ந்தன. நிலத்தில் உழைத்தவரைக் குறித்த சொற்கள் தாழ்ந்தன. நிலவுடைமையாளரைக் குறிக்கும் லேண்ட்லார்டு என்னும் சொல் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அதில் உள்ள லார்டு என்பதன் மூலப்பொருள் அப்பத்தைக் காப்பவர், அதாவது உணவளிப்பவர் என்பதாகும்.

இதற்கு மாறாக, திரைப்படங்களால் தமிழிலும் பழகிப்போன வில்லன் என்னும் சொல், பண்ணையைச் சேர்ந்த எளிய குடியானவரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. டூம்ஸ்டே நூலில் அச்சொல்லுக்குச் சாதாரண ஊர்க்குடி என்பதே பொருள். பண்பற்றவனைக் குறிக்கும் பூர் என்னும் ஆங்கிலச் சொல்லும் உழவனைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது. பொதுவானது என்று பொருள்படும் காமன் என்னும் சொல்லுக்கும் தரம் தாழ்ந்தது என்ற பொருள் பிற்காலத்தில் சேர்ந்தது.

கடல் கடந்த பொருள்

ஜான் லாக் 1689இல் வெளியிட்ட அரசு பற்றிய இரு ஆய்வுரைகள் என்னும் நூல், ஒருவர் தம் உழைப்பை நிலத்தோடு கலப்பதால் அது அவருக்கு உடைமையாகிறது என்று வாதிட்டது. வேலியிட்டு உழாத நிலத்தை அவர் வேஸ்ட் என்றே குறித்தார். அமெரிக்க நிலங்களை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். பழங்குடி மக்களின் வேட்டை நிலமும் மேய்ச்சல் வெளியும் இக்கணக்கில் எவருக்கும் சொந்தமில்லாதவை ஆயின.

ஆஸ்திரேலியாவில் 1788இல் பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கியது. 1835இல் ஜான் பேட்மன் என்பவர், இன்றைய மெல்பர்ன் பகுதியில் பழங்குடித் தலைவர்களோடு நிலத்துக்காக ஓர் உடன்படிக்கை செய்ததாக அறிவித்தார். ஆளுநர் ரிச்சர்டு போர்க் அவ்வாண்டே அதைச் செல்லாததாக்கினார். அந்நிலங்கள் அரசுக்கு உரிய வெற்று நிலங்கள் என்றும், அவற்றை விற்கப் பழங்குடியினருக்கு உரிமை இல்லை என்றும் அந்த ஆணை கருதியது.

இந்நிலை மாற நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் நால்வரும் 1982இல் வழக்குத் தொடர்ந்தனர். தீவில் குடும்பத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளாக எல்லைகள் உண்டு என்று அவர்கள் நிறுவ முயன்றனர். 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், குடியேற்றத்துக்கு முன்பிருந்த நில உரிமையைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாபோ அதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு பூர்வகுடி நில உரிமைச் சட்டம் நிறைவேறியது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஆங்கிலத்தில் பேசும்போது, தம் மூதாதையர் நிலத்தை கன்ட்ரி என்றே பெரும்பாலும் அழைக்கின்றனர். மண், நீர், உயிர்கள், முன்னோர் அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்கும். சொத்து என்னும் பொருள் மேலோங்கிவிட்ட லேண்ட் என்ற சொல்லால் அவ்வளவையும் சொல்லிவிட முடிவதில்லை.

சென்னை மாகாணத்தில்

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பாராமகால் பகுதியில், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நில அளவையைத் தொடங்கினர். அங்கு உருவான ரயத்துவாரி முறை, மன்றோ 1820இல் சென்னை ஆளுநரான பின் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரிந்தது. ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டது, எண் பெற்றது. பட்டாதாரர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தினார்.

வரி விதிக்கத்தக்கது எது என்பதே இக்கணக்கின் முதற்கேள்வி. ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு முதலியன வரிக்கணக்குக்கு வெளியே நின்றன. அவற்றைக் குறித்த புறம்போக்கு என்னும் தமிழ்ச் சொல்லை ஆங்கில ஆவணங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. அதன் நேர்ப்பொருள் கணக்குக்குப் புறத்தே போனது என்பதே. ஊருக்கே பயன்பட்ட இடங்களின் பெயர் காலப்போக்கில் பொறம்போக்கு என்று வசைச்சொல் ஆயிற்று. வில்லன், காமன் ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றி 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடிய சென்னை புறம்போக்குப் பாடல், இச்சொல்லின் பழைய மதிப்பை நினைவூட்டியது.

தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் இதற்கு எடுத்துக்காட்டு. வெள்ளநீரைத் தாங்கி நிறுத்தும் இப்பரப்பு நெடுங்காலம் வெற்று நிலமாகவே பார்க்கப்பட்டது. அதன் ஒரு பகுதி பெருங்குடிக் குப்பைமேடு ஆயிற்று. வேறு பகுதிகளில் கட்டடங்கள் எழுந்தன. இத்தகைய இடங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. அதில் இவ்விடங்கள் வெட்லேண்ட், அதாவது ஈரநிலம் என்று அழைக்கப்படுகின்றன. 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குப்பை கொட்டுவதற்கு ஏற்றதாகத் தோன்றிய இடம், காக்கப்பட வேண்டிய இடமாகப் பெயர் பெற்றது.

நிலமற்றோர் இயக்கங்களின் பெயர்களிலும் இச்சொல் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கத்தின் ஆங்கிலப் பெயர், உழுவோரின் விடுதலைக்கான நிலம் என்று பொருள்படும். அப்பெயரின் முதல் சொல் லேண்ட். இவ்வியக்கம் கீழத்தஞ்சைப் பகுதியில் நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் பெற்றுத் தந்தது.

இன்றைய வழக்கு

பொருளியலில் நிலம், உழைப்பு, மூலதனம் என்னும் வரிசையில் வரும் லேண்ட், இயற்கை தரும் வளங்கள் அனைத்தையும் குறிக்கும். ஆங்கிலச் சட்டத்தில் அதன்மேல் உள்ள கட்டடங்களும் அடியில் உள்ள கனிமங்களும் இச்சொல்லுக்குள் அடங்கும். இந்தியாவில் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், உரிமையாளருக்கு உரிய இழப்பீட்டையே முதன்மையாகக் கருதியது. அதன் இடத்தில் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், அந்நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகையாளர், கூலித்தொழிலாளர் ஆகியோரையும் பாதிக்கப்பட்டோர் என்று ஏற்றது.

இங்கிலாந்தில் வேலிகளுக்கு எதிரான முயற்சி வேறு வடிவில் தொடர்ந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மலைவெளியில் தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலைகள், புதர்வெளிகள், பதிவுபெற்ற பொதுவெளிகள் ஆகியவற்றில் மக்கள் நடந்து செல்ல உரிமை தந்தது. இன்று இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடு பொதுவெளியாகப் பதிவாகியுள்ளது.

மக்கள் வாழும் இடம், ஒருவர் வைத்திருக்கும் சொத்து ஆகிய இரு பொருள்களும் இச்சொல்லில் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே ஓர் ஆவணத்தில் இச்சொல்லைக் காணும் மாணவர், அதற்கு முன்னால் என்ன அடைமொழி நிற்கிறது, அதை இட்டவர் யார், அப்போது அங்கே மாடு மேய்த்தவர் யார் என்பவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.